அப்கன்ட்ரி என்றால் எந்த ஊர்? சொல்லைப் பிடித்துப் பொருள் காண ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்து ஹட்டனில் நின்று 'அப்கன்ட்ரி' (up-country) என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே "நீங்க அப்கன்ட்ரியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். அதே சொல் உகண்டா செய்தியிலும் தாய்லாந்து வேலை விளம்பரத்திலும் அமெரிக்கச் சமையல் குறிப்பிலும் வரும்போதுதான் வில்லங்கம். சொல் ஒன்றுதான், ஆனால் அது காட்டுகிற திசை ஊருக்கு ஊர் மாறும்.

மொழிபெயர்ப்பு படிப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகப் பின்பற்றினால் போதும். ஐந்தாவது படி மட்டும் நீளமாக இருக்கும். அது நம் வீட்டு விஷயம்.

படி 1: உயரத்தை மறந்துவிடுங்கள்

மலையில் பிறந்தவர்களுக்கு 'அப்' என்றதும் ஏற்றம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் கடற்கரையில் நின்றவர்கள். கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு, ஆற்றின் போக்குக்கு எதிராக உள்ளே போகப் போக எல்லாமே 'அப்'. அங்கே மலை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷாருக்கு பீகாரும் அலகாபாத்தும் அப்கன்ட்ரிதான். கங்கைச் சமவெளியில் மலையை எங்கே தேடுவது?

'கன்ட்ரி'யும் இரட்டைப் பொருள் உள்ளது. ஓர் அரசுக்கு உட்பட்ட தேசமும் அதுதான், நகரத்துக்கு வெளியே உள்ள நாட்டுப்புறமும் அதுதான். தமிழர்களுக்கு இது புதிதல்ல. செட்டிநாடு, கொங்குநாடு என்கிறபோது நாம் கடவுச்சீட்டு கொடுக்கும் தேசத்தையா சொல்கிறோம்? நாடு என்று பொருள்படும் சிங்களத்தின் 'ரட'வும் இப்படித்தான்.

ஆகவே அகராதியில் முதலில் பிடிக்க வேண்டிய பொருள் இது: கரையிலிருந்தோ தலைநகரிலிருந்தோ விலகி உள்ளே இருக்கும் பகுதி. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

படி 2: யார், எங்கே நின்று சொல்கிறார்?

இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பத்திரிகை எங்கிருந்து வருகிறது, பேசுபவர் எந்த ஊர்க்காரர், அவர் எதைத் 'தலை' ஊராக நினைக்கிறார் என்று பாருங்கள். அப்கன்ட்ரி என்பது பெரும்பாலும் அந்தத் தலை ஊரிலிருந்து விரல் நீட்டிக் காட்டும் சொல். அங்கே வசிப்பவர்கள் தாங்களாகவே தங்கள் ஊருக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வது அபூர்வம். நம் பக்கத்தில் அந்த அபூர்வம் நடந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

படி 3: எழுத்தைக் கவனியுங்கள்

இடையில் சிறு கோடு போட்டு எழுதுவதும், ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதும், இரண்டாகப் பிரித்து எழுதுவதும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். அதில் பொருள் வேறுபாடு தேட வேண்டாம். கவனிக்க வேண்டியது முதல் எழுத்து. பெரிய எழுத்தில் தொடங்கினால் அது வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பகுதியின் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன எழுத்தில், 'போனார்', 'அனுப்பினார்கள்' போன்ற வினையோடு ஒட்டி வந்தால், அது வெறும் திசை. 'உள்ளே', 'வெளியூருக்கு' என்பது மாதிரி. இது முழு விதி இல்லை, முதல் ஊகத்துக்கு உதவும் குறிப்புதான்.

படி 4: நாடுவாரியாக ஒரு சுற்று

ஹட்டனில் ஒரு மொழிபெயர்ப்பு வகுப்பில் உகண்டா செய்தி ஒன்றைக் கொடுத்திருந்தோம். அப்கன்ட்ரி ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு என்று செய்தி. ஒரு மாணவர் கொஞ்சமும் யோசிக்காமல் 'மலையக வைத்தியசாலைகள்' என்று எழுதிவிட்டு, பிறகு தானே சந்தேகப்பட்டுக் கேட்டார்: "சேர், உகண்டாவுலயும் மலையகம் இருக்கா?"

நல்ல கேள்வி. கம்பாலாவில் இருப்பவர்களுக்கு கம்பாலாவைத் தாண்டிய மாவட்டங்கள் எல்லாமே அப்கன்ட்ரி. மேடா பள்ளமா, வடக்கா தெற்கா என்பது கணக்கில் இல்லை. அந்தச் செய்திக்குச் சரியான தமிழ் 'தலைநகருக்கு வெளியே உள்ள வைத்தியசாலைகள்'.

கென்யாவில் இன்னும் சுவையாக இருக்கும். நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் நுவரெலியா உயரம். அங்கே வேலை பார்ப்பவர் கிறிஸ்மஸ் விடுமுறைக்குத் தாய் தகப்பனைப் பார்க்கப் போவதை 'அப்கன்ட்ரி போகிறேன்' என்பார். அவர் ஊர் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு பக்கம் என்றால் அது சுமார் 1,130 மீட்டர்தான். ஆக, அவர் கீழே இறங்கித்தான் 'அப்' போகிறார். நம் தீபாவளிக் கூட்டம் கொழும்பு பஸ் நிலையத்தில் முண்டியடித்து 'ஊருக்குப் போறோம்' என்கிறதே, அந்த 'ஊர்'தான் நைரோபிக்காரரின் அப்கன்ட்ரி.

அதே கென்யாவில் மொம்பாசா கரைக்குப் போனால் தொனி மாறிவிடும். கரையோர மக்கள் உள்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களை சுவாஹிலியில் 'வபாரா' என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அதுதான் அப்கன்ட்ரி ஆட்கள் என்று வரும். காணி, வேலை, வாக்கு என்று பல மனத்தாங்கல்கள் அதன் பின்னால் இருக்கின்றன. மொம்பாசா செய்தியில் இந்தச் சொல் வந்தால் 'ஊர்ப்பக்கத்தவர்' என்று இளகலாக எழுதாதீர்கள். 'உள்நாட்டிலிருந்து வந்தவர்கள்' என்பதே பொருந்தும்.

தாய்லாந்தில் இருக்கும் வெளிநாட்டவர்களும் ஆங்கிலப் பத்திரிகைகளும் பாங்கொக்குக்கு வெளியே உள்ள மாகாணங்களை மொத்தமாக அப்கன்ட்ரி என்பார்கள். தாய் மொழியில் 'வேறு மாகாணம்' என்ற பொருளில் ஒரு வழக்கு உண்டு, அதன் ஆங்கில நிழல் இது. வேலை விளம்பரத்தில் 'அப்கன்ட்ரி பயணம் உண்டு' என்றிருந்தால் மலையேற்றம் இல்லை, வெளிமாகாணங்களுக்கு அலைய வேண்டும் என்று அர்த்தம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கோர்ன்வால்காரர்களுக்கு டேமார் ஆற்றைத் தாண்டினால் மீதி இங்கிலாந்து முழுவதும் அப்கன்ட்ரி. இலண்டனும் அதற்குள் அடக்கம். அதைச் சொல்லும்போது ஒரு கேலிச் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

பெரிய எழுத்தில் வரும் அப்கன்ட்ரி வெளிநாடுகளில் இரண்டு இடங்களில் அடிக்கடி எதிர்ப்படும். ஒன்று ஹவாயின் மாவி தீவு. ஹலேயாகலா எரிமலைச் சரிவில் உள்ள குலா, மகவாவோ போன்ற ஊர்களுக்கு அதுதான் பெயர். இங்கே உயரம் நிஜமாகவே உண்டு, மரக்கறித் தோட்டங்களும் உண்டு. நம்மவர்கள் போய்ப் பார்த்தால் குளிரில் ஊர் ஞாபகம் வரலாம். இரண்டாவது அமெரிக்காவின் தென் கரோலினா. கடற்கரைப் பக்கமான சார்ள்ஸ்டன் வட்டாரம் லோகன்ட்ரி, உள்ளே கிரீன்வில், ஸ்பார்டன்பர்க் பக்கம் அப்கன்ட்ரி. லோகன்ட்ரி என்ற பெயரில் இறால், நண்டு போட்ட சமையல் குறிப்பு கண்ணில் பட்டால் நம் தென்கரையில் உள்ள மாத்தறை என்று நினைத்துவிட வேண்டாம், பெரும்பாலும் அது சார்ள்ஸ்டன் சமாச்சாரம்.

படி 5: இலங்கைக்குள் வந்துவிட்டதா? இப்போது நாலாகப் பிரியுங்கள்

இலங்கை ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. உகண்டாவிலும் தாய்லாந்திலும் 'தலைநகருக்கு வெளியே' என்ற பொருளைத் தாங்கும் அப்கன்ட்ரி, இங்கே மலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் 'கொழும்புக்கு வெளியே' என்று சொல்ல வேறொரு சொல் வேண்டுமே? அதற்குத்தான் அவுட்ஸ்டேஷன். கொழும்புக்காரருக்கு யாழ்ப்பாணமும் அவுட்ஸ்டேஷன், காலியும் அவுட்ஸ்டேஷன், பதுளையும் அவுட்ஸ்டேஷன். இவற்றில் பதுளை மட்டும்தான் அப்கன்ட்ரி. உகண்டாச் செய்தியைக் கொழும்பு அலுவலகத்து ஆளுக்கு விளக்க வேண்டுமானால் 'நம்ம அவுட்ஸ்டேஷன் மாதிரி' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இலங்கைக்குள் இந்தச் சொல் யாருக்கு, எதற்கு ஒட்டி வருகிறது என்று பாருங்கள். நாலு இடங்கள் முக்கியம்.

முதலாவது, சிங்கள வழக்கு. 'உடரட' என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றியதுதான் அப்கன்ட்ரி. உட என்றால் மேல், ரட என்றால் நாடு. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட மெனிகே ரயிலின் பெயரில் இருப்பதும் அதே உடரட. மலையகத்தின் ஊர்ப்பெயர்களில் இந்த 'உட'வும் கீழ் என்று பொருள்படும் 'பாத்த'வும் நிறையக் கிடைக்கும்: உடதும்பறை இருந்தால் பாத்ததும்பறை இருக்கும், உடஹேவாஹெட்ட இருந்தால் பாத்தஹேவாஹெட்ட இருக்கும்.

ஆனால் உடரட என்பதன் எல்லை மலையின் எல்லை இல்லை, 1815-ல் பிரிட்டிஷார் கையில் வீழ்ந்த கண்டி இராச்சியத்தின் எல்லை. அனுராதபுரம் தட்டையான வறண்ட பூமி. ஆனாலும் அந்தப் பக்கத்துச் சிங்களவர்கள் கண்டிச் சிங்களவர்கள், அதாவது அப்கன்ட்ரி சிங்களவர்கள் என்ற கணக்கில் வருவார்கள். அந்தப் பகுதி கண்டி அரசுக்கு உட்பட்டிருந்ததே காரணம். கரைநாட்டுச் சிங்களவர் என்று சொல்லப்படுபவர்கள் முதலில் போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர் ஆட்சியைப் பார்த்த கரையோரத்தவர்கள். பழைய குடிசன மதிப்பீடுகள் இரு பிரிவையும் தனித்தனியாக எண்ணின. நடனத்திலும் இந்தப் பிரிவு உண்டு. கெட்ட பெர மேளம் கேட்டால் உடரட, யக் பெர கேட்டால் கரைநாடு. இங்கெல்லாம் தமிழில் 'மலையக' என்று எழுதினால் தப்பாகிவிடும். 'கண்டி நடனம்', 'கண்டிச் சிங்களவர்' என்பதே சரி.

இரண்டாவது, தேயிலை. கடைப் பெட்டிகளில் அப்கன்ட்ரி டீ என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் வியாபாரத்தில் அளவுகோல் வேறு. 600 மீட்டர் வரை தாழ்நிலத் தேயிலை, 600-லிருந்து 1,200 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். இங்கே மட்டும்தான் 'மேல்' என்பதை மீட்டரில் அளக்கிறார்கள். கண்டிப் பகுதித் தேயிலை பெரும்பாலும் இடைநிலம், நுவரெலியா, டிம்புலை, உடப்புசல்லாவை எல்லாம் உயர்நிலம். ஆகவே கண்டிச் சிங்களவர் அப்கன்ட்ரி, கண்டித் தேயிலை நடுவில்! ஒரே ஊருக்கு இரண்டு கணக்கு.

மூன்றாவது, மரக்கறி. சந்தை விலைப் பட்டியலில் அப்கன்ட்ரி என்று ஒரு பகுதியும் லோகன்ட்ரி என்று ஒரு பகுதியும் இருக்கும். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீட்ரூட், நோக்கோல் முதல் பகுதியில். கத்தரி, வெண்டி, புடலங்காய், பூசணி, பாகல் இரண்டாவதில். நுவரெலியாவிலும் கெப்பெட்டிப்பொலவிலும் லொறி ஏற்றுகிற ஆட்கள் சாக்கைத் தட்டிப் பார்த்தே எது எந்தப் பகுதி என்று சொல்லிவிடுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பெயர் காயின் இனத்துக்கு உரியது, விளைந்த மண்ணுக்கு உரியதல்ல. கற்பிட்டி மணலில் விளைந்த பீட்ரூட்டும் பட்டியலில் அப்கன்ட்ரி பக்கம்தான் உட்காரும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எழுதினால் 'இங்கிலீஷ் காய்கறி' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துவிடும். அங்கே ஊட்டிக் காயும் நாட்டுக் காயும் பிரிவது கிட்டத்தட்ட இதே கோட்டில்தான்.

நாலாவது, நாம். அப்கன்ட்ரி தமிழர்.

கோப்பிக் காலத்திலிருந்து திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். 1911-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு நம்மை 'இந்தியத் தமிழர்' என்று தனியாகப் பிரித்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. 'இந்திய' என்ற முன்னொட்டு வெறும் அடைமொழியாக இருந்ததில்லை, அதை வைத்துத்தான் வாக்குரிமையும் வாசலும் பறிபோயின. மறுபக்கம் 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மலையகத் தமிழர் என்ற பெயரை நம் ஆட்கள் எடுத்து நிறுத்தினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் கைக்கு எட்டிய சொல் அப்கன்ட்ரி. 1989-ல் தொடங்கிய மலையக மக்கள் முன்னணியின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் அதுதான். படி 2-ல் சொன்ன அபூர்வம் இது. பிறர் விரல் நீட்டிச் சொன்ன சொல்லை அந்த ஊர்க்காரர்களே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இந்த அப்கன்ட்ரி இப்போது இடத்தைவிட்டுக் கழன்று நடக்கிறது. மாத்தறை மாவட்டத்தின் தெனியாயவிலும் காலி மாவட்டத்தின் உடுகமவிலும் தோட்டங்களில் இருப்பவர்கள் தெற்கில் வாழும் அப்கன்ட்ரி தமிழர்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அப்படியே. வன்னிச் சமவெளியில் பிறந்து, மலையையே பார்க்காத ஒருவருக்கும் இந்தப் பெயர் பொருந்தும். மொழிபெயர்க்கும்போது 'மலையகத்தில் வாழும் தமிழர்' என்று விரித்தால் இவர்கள் எல்லாரும் வெளியே விழுந்துவிடுவார்கள். 'மலையகத் தமிழர்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: தமிழில் எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது

சொல்லுக்குச் சொல் போட்டு 'மேல்நாடு' என்று எழுதவே எழுதாதீர்கள். தமிழில் மேல் என்பது மேற்குத் திசையும்கூட. மேல்நாடு என்றால் ஐரோப்பா, அமெரிக்கா. மேல் மாகாணம் என்றால் கொழும்பு இருக்கும் மாகாணம். அப்கன்ட்ரியைத் தேடிப் புறப்பட்ட வாசகர் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நிற்பார்.

ஆபிரிக்கச் செய்திகளுக்கு 'தலைநகருக்கு வெளியே', 'ஊர்ப்பக்கம்', 'உள்மாவட்டங்கள்' ஆகியவற்றில் இடத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். தாய்லாந்துக்கு 'வெளிமாகாணங்கள்'. தென் கரோலினாவுக்கும் மாவிக்கும் ஊர்ப்பெயரைச் சேர்த்து 'மேட்டுப்பகுதி' எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டத்துரைமாரின் கடிதங்களில் வந்தால் 'கண்டிச் சீமை' என்ற பழைய வழக்கை மறக்காதீர்கள். அந்தக் காலத்து நம் ஆட்கள் இந்த மலை முழுவதையும் அப்படித்தான் சொன்னார்கள், நாட்டார் பாட்டிலும் அப்படியே இருக்கிறது. வெறும் நிலப்பகுதியைச் சொல்ல 'மலைநாடு', மக்களையும் அரசியலையும் சேர்த்துச் சொல்ல 'மலையகம்' என்று நான் பிரித்துக்கொள்வேன். எல்லாரும் அப்படிப் பிரிப்பதில்லை, ஆனால் பிரித்தால் வாசகருக்குச் சுகம்.

இன்னொன்று. தோட்டத்துப் பேச்சைப் பதிவு செய்பவர்கள் 'மலை' என்ற சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். "அம்மா மலைக்குப் போயிருச்சு" என்றால் அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அதை ஆங்கிலத்தில் அப்கன்ட்ரி என்றோ மலைப்பயணம் என்றோ மாற்றிய பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே மலை என்றால் தேயிலை நிற்கும் வேலைத்தளம், ஒவ்வொன்றுக்கும் நம்பரும் உண்டு.

படி 7: ஆவணம் என்றால் கை வைக்காதீர்கள்

பிறப்புச் சான்றிதழிலோ பழைய குடியுரிமைப் பத்திரத்திலோ 'இந்தியத் தமிழர்' என்று இருந்தால், மொழிபெயர்ப்பில் அதை அப்கன்ட்ரி தமிழர் என்று திருத்த வேண்டாம். நமக்குப் பிடிக்காவிட்டாலும் ஆவணத்தில் இருப்பது அதுதான். தூதரகத்திலோ நீதிமன்றத்திலோ மூலமும் மொழிபெயர்ப்பும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் அலைவது விண்ணப்பதாரர்தான். கட்டுரையிலும் செய்தியிலும் உங்கள் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு, சான்றிதழில் இல்லை.

படி 8: நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது

வாசகர் இலங்கையர் என்றால் அப்கன்ட்ரி போதும். வெளிநாட்டவர் என்றால் முதல் தடவை வரும்போது 'இலங்கையின் மத்திய மலைப்பகுதி' என்ற பொருள்பட ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நைரோபிக்காரர் வாசித்தால் 'ஏதோ கிராமத்து ஆட்கள்' என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். ஹில்கன்ட்ரி என்றும் எழுதலாம், ஆனால் சுற்றுலா விளம்பரங்கள் அதை எல்ல, நுவரெலியா காட்சிகளுக்கே கிட்டத்தட்டச் சொந்தமாக்கிவிட்டன. மக்களைச் சொல்லும்போது 'மலையக' என்ற நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் இப்போது வேகமாகப் பரவுகிறது. 2023-ல் நம் முன்னோர் வருகையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி நம் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போன நேரத்தில் ஆங்கிலச் செய்திகளிலும் அந்தச் சொல் அடிக்கடி வந்தது. எனக்கு அதுதான் பிடித்தம். ஆனால் எழுத்துக்கூட்டல் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஒரு கட்டுரைக்குள் ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் தேடுபவர்களுக்காக ஓரிடத்தில் அப்கன்ட்ரி தமிழர் என்ற பெயரையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.